கன்டெய்னர் யார்டு வேலைக்குப் பைதான்: எதை வைத்துத் தொடங்குவது?

மணலி_யார்டு

எல்லாருக்கும் வணக்கம். மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்-ல (கன்டெய்னர் சரக்கு நிலையம்) டாக்குமென்டேஷன் டெஸ்க் வேலை. தினமும் ஷிப்பிங் லைன்கிட்டேருந்தும் சி.எச்.ஏ-கிட்டேருந்தும் (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) எக்செல் ஷீட் வரும். ஒவ்வொண்ணுலயும் காலம், அதாவது பத்திகளோட, வரிசை வேற வேற. கன்டெய்னர் நம்பர், சைஸ், சீல் நம்பர், கேட்-இன் தேதி (யார்டுக்குள்ள வந்த தேதி) எல்லாத்தையும் ஒரே ஷீட்டுக்குக் கொண்டு வரணும். நம்பர்ல ஒரு எழுத்து மாறி இருந்தாலும் கேட்ல வண்டி நின்னுடும். இதெல்லாம் பைதான்ல பண்ணலாம்னு சொல்றாங்க.

டிப்ளமோவுல சி லாங்குவேஜ் படிச்சது, இஃப், ஃபார் லூப் வரைக்கும் புரியும். இங்கிலீஷ் வாசிப்பேன், ஆனா மெதுவா. லேப்டாப் 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திருவொற்றியூர் வீட்டுல வைஃபை இல்ல, மொபைல் டேட்டாதான். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.

யூடியூப்ல தேடினா பிளேலிஸ்ட் கொட்டுது. எதை எடுக்கணும், எதை விடணும்? தமிழ்ல உருப்படியா என்ன இருக்கு? காசு கட்டிச் சேரணுமா?

ராயபுரம்_பைட்

காசு கட்ட வேண்டாம் தம்பி. உங்கள் வேலைக்குத் தேவையான அளவு முழுக்க இலவசமாகவே கிடைக்கிறது, அதில் பாதி தமிழில்.

பலர் கண்ணில் படாத ஒரு நல்ல புத்தகம் நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான்தான். தமிழ் வழிப் புத்தகத்தையே எடுங்கள். பி.டி.எஃப் ஆக அரசுத் தளத்தில் இலவசமாக இறக்கலாம், ஒரு முறை இறக்கினால் போதும், டேட்டா செலவு அத்தோடு முடிந்தது. முதல் நான்கு பாடங்கள் பொதுவான கருத்துகள், அதைத் தாண்டிவிடுங்கள். 5-ம் பாடத்தில்தான் பைதான் தொடங்குகிறது. 5 முதல் 9 வரை வரிசையாக: மாறிகள், கட்டுப்பாடு, செயற்கூறு, சரம், பிறகு லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி. அங்கிருந்து நேராக 13-க்குப் போங்கள், அது சி.எஸ்.வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) கோப்புகள் பற்றியது, உங்களுக்கு அன்றாட வேலை. 14-ம் பாடம் சி ப்ளஸ் ப்ளஸ் நிரலைப் பைதானிலிருந்து ஓட்டுவது. அது உங்களுக்குத் தேவையே இல்லை, அங்கே மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

பாடநூலில் ஒரு குறை உண்டு. உதாரணங்கள் எல்லாம் சிறியவை, தேர்வுக்காக எழுதியவை. பிழை வந்தால் என்ன செய்வது என்பதை அது போதுமான அளவு சொல்லாது. அதற்காகத்தான் இரண்டாவதாகப் பைதானின் அதிகாரபூர்வ டுடோரியல். அதில் 3, 4, 5, 7, 8 ஆகிய பகுதிகள் மட்டும். 8-ம் பகுதி பிழைகளைக் கையாள்வது, அதை விட்டுவிடாதீர்கள். பாடநூலில் தமிழில் ஒரு கருத்தைப் படித்த அதே நாளில் இதே கருத்தை டுடோரியலில் படியுங்கள். என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் வேகமாக ஓடும். மொத்த ஆவணத்தையும் ஜிப் கோப்பாக இறக்கி நெட் இல்லாமலே படிக்க அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது.

மூன்றாவது, அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைதான்'. ஆசிரியரின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். எக்செல் பற்றிய அத்தியாயம் அப்படியே உங்கள் மேசை வேலை. ஆனால் இதை முதலில் திறக்க வேண்டாம். லிஸ்டும் டிக்ஷனரியும் கையில் படிவதற்கு முன்னால் திறந்தால் காப்பி அடித்து ஓட்டத்தான் முடியும், காலம் வரிசை மாறிய மறுநாளே நின்றுவிடும்.

இந்த மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது கோர்ஸைத் தேடத் தோன்றினால், பெரும்பாலும் மூன்றில் எங்கோ ஒரு பயிற்சியைச் செய்யாமல் தாண்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வண்ணை_வாசகி

மேலே சொன்ன வரிசை சரி. வீடியோ பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பாடம் தேறுமா தேறாதா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் சொல்கிறேன்.

முதலில் பிரின்ட் வரியைப் பாருங்கள். பிரின்டுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அது பைதான் 2. அதன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ரா_இன்புட் என்ற சொல் வந்தாலும் அதே கதைதான். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: விலையைக் கேட்பதற்கு முன் முதல் நிரலைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறி இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். அதை வைத்துப் படிக்கத் தொடங்கியவருக்கு முதல் வரியிலேயே சின்டாக்ஸ் எரர் வரும், தப்பு தன்மேல் என்று நினைத்து விட்டுவிடுவார்.

அடுத்தது, சொல்லித் தருகிறவர் பிழையைத் திரையில் காட்டுகிறாரா? எல்லாம் முதல் முறையே ஓடுகிற வீடியோவில் பாதிப் பாடம் இல்லை. பிழை வந்தால் பைதான் காட்டும் ட்ரேஸ்பேக் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கடைசி வரியில் பிழையின் பெயர், அதற்கு மேல் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி. இந்த ஒன்றை ஒழுங்காகச் சொல்லித் தரும் ஆசிரியரை நம்பலாம். பயிற்சி தருகிறாரா, விடையைத் தனியே வைத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பயிற்சி இல்லாத பத்து மணி நேர வீடியோ முடிந்த பின் கையில் ஒன்றும் நிற்காது.

தமிழில் கேட்க வேண்டுமானால் ஐ.ஐ.டி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் பாடங்கள், பல பாடங்களுக்குத் தமிழ் ஒலி உண்டு, இறக்கி வைத்துக்கொள்ளலாம். பதிப்பு கொஞ்சம் பழையது. அடிப்படைக்குப் பாதகமில்லை, பைதான் 3 வரிசையாகப் பார்த்து எடுங்கள். கணியம் தளத்திலும் பைதான் பற்றித் தமிழில் கட்டுரைகள் இருக்கின்றன. 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவரும் தளம், மின்னூல்களையும் கட்டணமின்றித் தருகிறார்கள்.

இலவச இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்-லில் சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பைதான் பாடத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அருமையான பாடம், ஆனால் அதன் கவனம் அல்காரிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும். எக்செல் வேலை ஓடத் தொடங்கிய பிறகு எடுங்கள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம். சேர்ந்தால் வாராவாரம் வரும் அசைன்மென்டைத் தவறவிடாதீர்கள், இறுதி மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு.

வீட்டில் நெட் சரியில்லாதவர்களுக்கு: கொளத்தூர் அகரம் ஜெகநாதன் தெருவில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. இறக்க வேண்டியதையெல்லாம் வாரம் ஒரு முறை அங்கே இறக்கிக்கொண்டு, மற்ற நாளில் வீட்டிலேயே படிக்கலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பெரம்பூர்_லோகோ

மெஷின் விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

4 ஜிபி ரேம்ல வி.எஸ்.கோடு, குரோம், எக்செல் மூணையும் ஒண்ணா திறந்தா ஹார்ட் டிஸ்க் அலறும். தானின்னு ஒரு பைதான் எடிட்டர் இருக்கு, அதைப் போடுங்க. எஸ்டோனியாவோட டார்ட்டு பல்கலைக்கழகத்துல புதுசா படிக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. பைதான் அதுக்குள்ளேயே வருது, தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. வியூ மெனுவுல வேரியபிள்ஸ் டிக் பண்ணா ஒவ்வொரு மாறியிலயும் இப்ப என்ன இருக்குன்னு பக்கத்துலயே தெரியும். டீபக் பட்டனை அமுக்கி ஒவ்வொரு ஸ்டெப்பா ஓட்டிப் பாருங்க. லூப் புரியாதவங்களுக்கு இதுக்கு மேல ஒரு வாத்தியார் வேணாம்.

இதுல எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல, தொகுப்பு இறக்கற பிப் கருவியை வச்சு, எக்செல் ஃபைலைப் படிக்கிற ஓப்பன்பைஎக்செல் தொகுப்பைப் போடுவாங்க, தானியில ஓட்டினா மாடுல் நாட் ஃபவுண்ட்னு வரும். காரணம், பிப் போட்டது மெஷின்ல இருக்கிற இன்னொரு பைதானுக்கு. தானிக்குன்னு தனிப் பைதான் இருக்கு. தானிக்குள்ள டூல்ஸ், மேனேஜ் பேக்கேஜஸ் போய் அங்கேருந்து போடுங்க.

தனியா பைதான் இன்ஸ்டால் பண்றவங்க முதல் திரையில கீழே இருக்கிற, பாத்-ல (நிரல்கள் எங்க இருக்குன்னு விண்டோஸ் பார்க்கிற பட்டியல்) சேர்க்கிற பெட்டியை டிக் பண்ணணும். அது டிக் இல்லாம வர்றதால, அவசரத்துல நெக்ஸ்ட் அடிச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பைதான்னு டைப் அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஆபீஸ் மெஷின் விண்டோஸ் 7-ஆ இருந்தா பைதான் 3.8-தான் கடைசி, 3.9 ஏறாது.

ரேம் கூட்டணும்னா ரிச்சி ஸ்ட்ரீட் போறதுக்கு முன்னாடி டி.டி.ஆர் 3-ஆ 4-ஆன்னு பார்த்துட்டுப் போங்க. ரெண்டு வகையிலயும் விளிம்புல இருக்கிற வெட்டு ஒரே இடத்துல இருக்காது, ஒண்ணு இன்னொண்ணுல உட்காராது. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ரேமுக்கு முன்னாடி எஸ்.எஸ்.டி போடுங்க.

காசிமேடு_கர்சர்

எந்தப் புத்தகம் என்பதைவிட, படித்தது கையில் நின்றதா என்று பார்க்க ஒரு பயிற்சி வேண்டும். அது உங்கள் மேசையிலேயே இருக்கிறது: கன்டெய்னர் எண்ணின் செக் டிஜிட், அதாவது எண் சரியா என்று சோதிக்க உதவும் கடைசி இலக்கம். ஐ.எஸ்.ஓ 6346 தரம் சொல்லும் கணக்கு இது. விடை சரியா தப்பா என்பது உடனே தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டாம்.

எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு செக் டிஜிட். எழுத்துகளுக்கு மதிப்பு: ஏ 10, பி 12, சி 13, இப்படியே போய் கே 21, எல் 23, யு 32, வி 34, இசட் 38. 11, 22, 33 மூன்றும் கிடையாது, 11-இன் மடங்குகளை விட்டுவிடுகிறார்கள். முதல் இடத்தின் மதிப்பை 1-ஆல் பெருக்குங்கள், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 4-ஆல், இப்படி இரட்டித்துக்கொண்டே பத்தாவதை 512-ஆல். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் செக் டிஜிட். மீதி 10 வந்தால் 0.

சரிபார்க்க: சி, எஸ், க்யூ, யு, பிறகு 305438. எழுத்துகள் 13, 30, 28, 32. அவற்றின் பங்கு 13 + 60 + 112 + 256, மொத்தம் 441. இலக்கங்களின் பங்கு 48 + 0 + 320 + 512 + 768 + 4096. எல்லாம் சேர்த்து 6185. 11-ஆல் வகுத்தால் மீதி 3. அதே எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி 305483 என்று போட்டால் கூட்டல் 4905, மீதி 10, ஆகவே 0. கேட்டில் இடம் மாற்றி எழுதிய எண் இப்படித்தான் பிடிபடும். உங்கள் ஃபங்ஷன் இந்த இரண்டுக்கும் முறையே 3, 0 தந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பிளஸ் டூ நூலின் 5 முதல் 9 வரை உள்ள எல்லாம் இந்தச் சின்ன நிரலுக்குள் வந்துவிடும். எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பைதானில் அடுக்குக்குறி இரண்டு நட்சத்திரம். மேல்நோக்கிய கூர்க்குறியைப் போட்டால் அது பிட் கணக்கான எக்ஸ்-ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் போட்டால் 8-க்குப் பதில் 1 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாகும். இதுதான் இந்தப் பயிற்சியில் மிக மோசமான சறுக்கல்.

இரண்டாவது, சரத்திலிருந்து எடுத்த 3 இன்னும் எழுத்துதான், எண் அல்ல. அதை 16-ஆல் பெருக்கினால் 48 வராது, பதினாறு 3 வரிசையாக நிற்கும். அதைக் கூட்டப் போகும்போதுதான் டைப் எரர் வரும். வரி எண் கூட்டலைக் காட்டும், தப்பு அதற்கு முன்னால் இருக்கும். பெருக்குவதற்கு முன் இன்ட் போட்டு எண்ணாக்குங்கள். சி-யில் ஒரு கேரக்டரைப் பெருக்கினால் அதன் ஆஸ்கி மதிப்பு வரும், அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

பிறகு, ஷீட்டிலிருந்து வரும் எண்ணில் முன்னும் பின்னும் இடைவெளி, நடுவில் ஹைஃபன், சின்ன எழுத்து, பூஜ்யத்துக்குப் பதில் ஓ எல்லாம் இருக்கும். இடைவெளியையும் ஹைஃபனையும் நீக்கிப் பெரிய எழுத்தாக்குங்கள். ஓ-வை மட்டும் தானாகப் பூஜ்யமாக்க வேண்டாம், தனியே எடுத்து வைத்து ஆள் பார்க்கட்டும். தானாகத் திருத்தும் நிரல் ஒரு நாள் தப்பான பெட்டியைச் சரி என்று சொல்லிவிடும்.

மணலி_யார்டு

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. தானி போட்டாச்சு, செக் டிஜிட் ஃபங்ஷன் 3, 0 ரெண்டும் சரியா தருது. கூர்க்குறி விஷயம் சொல்லலைன்னா அங்கேயே நின்னிருப்பேன்.

இப்ப எக்செல் திறக்கப் போனேன். ஃபைல் பாத் கொடுத்ததும் யுனிகோட் எஸ்கேப்னு சின்டாக்ஸ் எரர். அதைச் சரி பண்ணா ஒரு ஷிப்பிங் லைனோட ஃபைல் மட்டும் திறக்கவே மாட்டேங்குது, இன்னொண்ணுல நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஃபார்முலா எழுத்தா வருது. ஆபீஸ்ல ஒருத்தர், இதுக்கெல்லாம் பைதான் எதுக்கு, எக்செல்லயே முடியும்ங்கிறார். சரியா?

வண்ணை_வாசகி

அவர் சொல்வதில் பாதி சரி. ஒரே ஃபோல்டரில் வரும் ஷீட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது மட்டும் வேலையென்றால் எக்செல் 2016-லிருந்தே உள்ளே இருக்கும் பவர் குவெரி போதும். டேட்டா தாவலில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர். அதையும் கற்றுக்கொள்ளுங்கள், வீண் போகாது. ஆனால் செக் டிஜிட் பார்ப்பது, லைனுக்கு ஒரு காலம் வரிசையைப் பொருத்துவது, சந்தேகமான வரிகளைத் தனி ஷீட்டில் ஒதுக்குவது என்று வரும்போது பைதானில் எழுதினால்தான் அடுத்தவர் படித்துப் பார்த்துத் திருத்த முடியும்.

ராயபுரம்_பைட்

மூன்று பிழைக்கும் காரணம் தனித்தனி.

பாத் பிழை: விண்டோஸ் முகவரியில் யூஸர்ஸ் ஃபோல்டருக்கு முன்னால் வரும் பின்சாய்வுக் கோடும் பெரிய யு-வும் சேர்ந்தால், அதைப் பைதான் ஒரு யுனிகோட் குறியின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்கு முன்னால் ஒரு சின்ன ஆர் போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் முன்சாய்வாக எழுதுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்.

திறக்காத ஃபைல்: அதன் நீட்டிப்பு எக்ஸ்.எல்.எஸ் ஆக இருக்கும், கடைசி எக்ஸ் இருக்காது. அது பழைய வடிவம், ஓப்பன்பைஎக்செல் படிக்காது. எக்செல்லில் திறந்து புதிய வடிவில் சேவ் ஆஸ் கொடுங்கள். தினமும் வருமென்றால் எக்ஸ்.எல்.ஆர்.டி தொகுப்பு போடுங்கள். அதன் 2.0 பதிப்புக்குப் பிறகு அது பழைய வடிவத்தை மட்டுமே படிக்கும், ஆகவே இரண்டு தொகுப்பும் வேண்டும். நீட்டிப்பை மட்டும் மாற்றி ரீநேம் செய்தால் வேலைக்கு ஆகாது, உள்ளே இருப்பது பழையதுதான்.

ஃபார்முலா: ஒர்க்புக்கை ஏற்றும்போது டேட்டா_ஒன்லி என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்போது எக்செல் கடைசியாகச் சேவ் செய்தபோது கணக்கிட்டு வைத்த மதிப்பு வரும். வேறு மென்பொருள் உருவாக்கிய ஃபைலில் அந்த மதிப்பே இருக்காது, நன் (மதிப்பு இல்லை என்று பொருள்) என்று வரும். அதை எக்செல்லில் ஒரு முறை திறந்து சேவ் செய்தால் சரியாகும். இப்படித் திறந்த ஒர்க்புக்கை அதே பெயரில் திரும்பச் சேவ் செய்துவிடாதீர்கள், ஃபார்முலா எல்லாம் அழிந்து வெறும் எண்ணாகிவிடும். வெளியீட்டுக்கு எப்போதும் புதுப் பெயர். அந்த ஷீட் எக்செல்லில் திறந்திருக்கும்போது எழுதப் போனால் பெர்மிஷன் எரர் வரும், மூடிவிட்டு ஓட்டுங்கள்.

அடுத்து உங்களுக்கு வரப்போவது தேதிச் சிக்கல். சில ஷீட்டில் கேட்-இன் தேதி உண்மையான தேதியாக இருக்கும், சிலதில் வெறும் எழுத்தாக. 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று நிரலுக்குத் தெரியாது. எந்த லைன் எந்த முறையில் அனுப்புகிறது என்று கேட்டு, லைன் பெயருக்கு எதிரே ஒரு டிக்ஷனரியில் எழுதி வையுங்கள். 12-க்கு மேற்பட்ட நாள் வரும் வரிகளை வைத்து அதைச் சரிபாருங்கள்.

பெரம்பூர்_லோகோ

இன்னும் ரெண்டு. உங்க நிரலை ஓப்பன்பைஎக்செல்-ங்கிற அதே பேர்ல சேவ் பண்ணிடாதீங்க. இம்போர்ட் பண்ணும்போது பைதான் அசல் தொகுப்பை விட்டுட்டு உங்க ஃபைலையே எடுத்துக்கும், ஆட்ரிபியூட் எரர் வரும். என்ன தேடினாலும் காரணம் பிடிபடாது.

ஏ.ஐ-கிட்ட கேட்கிறதா இருந்தா எரரை ஒட்டி ஏன் வந்ததுன்னு கேளுங்க, முழு நிரலையும் எழுதித் தரச் சொல்லாதீங்க. அது சொல்ற ஃபங்ஷன் உண்மையிலேயே இருக்கான்னு அதிகாரபூர்வ ஆவணத்துல ஒரு தடவ பாருங்க. நிஜ ஷீட்டை எங்கேயும் ஏத்தாதீங்க, இங்கயும் போடாதீங்க. இம்போர்ட்டர் பேரு, சீல் நம்பர் எல்லாம் கம்பெனி விஷயம். அஞ்சு வரியில ஒரு டம்மி ஷீட் செஞ்சு, அதே எரர் அதுலயும் வருதான்னு பார்த்துட்டு அதைப் போடுங்க.